டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்த வீட்டுக்குச் சங்கம் எதற்கு?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்குப் பிறந்த இரண்டு மாத ஆண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் அறிவுத்திறனும் மெதுவாகிற நிலை) என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. சென்னையில் சங்கம் இருக்கிறது, விழா நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை என்கிறார். இந்தப் பிள்ளைகளுக்காக யார் பேசுகிறார்கள், சங்கத்தில் சேர்ந்தால் ஆறுதல் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு பயன் உண்டா என்பது கேள்வி.

நான் தென்மாவட்டங்களில் சிறப்பு ஆசிரியராக வேலை பார்ப்பவன். பெற்றோர் குழுக்களோடு நெடுநாள் பழக்கம். ஆறுதல் என்பது சங்கத்தின் மிகச் சிறிய பயன். அது தானாகக் கிடைத்துவிடும், அதற்காக யாரும் கூட்டம் போட வேண்டியதில்லை. முக்கியமான பயன்கள் இரண்டு. ஒன்று, முன்னால் போனவர் பட்ட கஷ்டத்தைப் பின்னால் வருபவர் மறுபடி பட வேண்டியிராது. இன்னொன்று, பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். இரண்டாவதைப் பற்றி இரண்டு மாதக் குழந்தையின் வீட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் அதற்கான வேலை இப்போதே தொடங்க வேண்டியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இதயம். குழந்தைக்கு எக்கோ பரிசோதனை, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்தாயிற்றா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது குறை இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. மேலறைகளின் நடுச்சுவரும் கீழறைகளின் நடுச்சுவரும் சேரும் இடத்தில் பெரிய துளை இருக்கிற வகை என்றால், பொதுவாக முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துவிடுவார்கள். தள்ளிப் போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் அறுவையே செய்ய முடியாமல் போய்விடும். பால் குடிக்கும்போது வியர்ப்பது, இரண்டு வாய் குடித்ததும் மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது இவற்றைச் 'சோனிக் குழந்தை' என்று விட்டுவிடாதீர்கள்.

'கொஞ்சம் உடம்பு தேறட்டும், அப்புறம் கூட்டிக்கொண்டு போகலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணைப் பூசிக்கொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. எக்கோ மட்டும் இந்த வாரமே நடக்கட்டும். செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை அடங்கும்.

தைராய்டும் அப்படித்தான். பிறந்ததும் ஒரு முறை, ஆறாம் மாதம், ஒரு வயதில், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பிள்ளை மந்தமாக இருப்பதெல்லாம் டவுன் சிண்ட்ரோமால்தான் என்று நினைத்துக்கொண்டு, மாத்திரையில் சரியாகிற தைராய்டுக் குறையை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வீடுகள் உண்டு. காது, கண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு எத்தனை பேச்சுப் பயிற்சி கொடுத்தும் பயன் குறைவு.

சங்கத்தைப் பற்றிக் கேட்டால் இவர் மருத்துவம் சொல்கிறாரே என்று தோன்றலாம். பெற்றோர் குழு ஒன்றில் புதிதாக ஒரு தாய் வந்து உட்கார்ந்ததும் பழைய தாய்மார் கேட்கிற முதல் கேள்வியே 'எக்கோ எடுத்தாச்சா?' என்பதுதான். அதனால் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது, யாரால் வந்தது என்ற பேச்சு. அக்கா வீட்டில் இது ஏற்கெனவே தொடங்கியிருக்கும். சொந்தத்தில் கட்டியதால், கிரகணத்தன்று வெளியே வந்ததால், அம்மா வயது கூடியதால், மாப்பிள்ளை வீட்டு வழியில், பெண் வீட்டு வழியில். டவுன் சிண்ட்ரோம் வருவது, உடலின் அணுக்களில் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21ஆவது இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால். நூற்றில் 95 பேருக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. அத்தை மகனைக் கட்டினாலும் வரும், அயல் தேசத்தில் கட்டினாலும் வரும். நெருங்கிய உறவுத் திருமணத்தால் வேறு சில மரபுநோய்கள் கூடும் என்பது உண்மை, ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. ஆனாலும் 35 வயதுக்குள் இருப்பவர்கள்தானே அதிகம் பிள்ளை பெறுகிறார்கள், அதனால் எண்ணிக்கையில் பார்த்தால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நூற்றில் மூன்று நான்கு பேருக்குக் கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் மட்டும் பெற்றோர் இருவரும் தங்கள் குரோமோசோமைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அது முக்கியம். ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தைத் தொலைக்காமல் வையுங்கள், பல இடங்களில் கேட்பார்கள்.

இந்தப் பேச்சை நிறுத்துவதற்குத் தாய்மாமனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மடியில் உட்கார வைத்துக் காது குத்தப் போகிறவர் நீங்கள். சபையில் உங்கள் சொல் ஏறும். குழந்தையின் அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். பல வீடுகளில் அப்பாமார் முதல் இரண்டு வருடம் வேலையைச் சாக்கிட்டு விலகி நிற்கிறார்கள், அதைக் கோபமாகப் பார்ப்பதைவிட அவர்களுக்கும் யாரோ விளக்க வேண்டும் என்று பார்ப்பது நல்லது. இன்னொரு அப்பா பேசினால் பத்து டாக்டர் பேசியதற்குச் சமம்.

சரி, யார் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பெரும்பாலும் பேசியது பெற்றோர்கள்தான். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தபோது இங்கே விவரம் சொல்ல ஆளே இல்லாத நிலையில், 1980களில் தொடங்கிய தமிழ்நாட்டுச் சங்கம்தான் பிறகு டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவாக வளர்ந்தது. அதே சென்னையில் 1989 முதல் மதுரம் நாராயணன் மையம், பிறந்ததிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 'உபநயன்' என்ற பயிற்சி முறையை நடத்திவருகிறது. அதில் தாயே உடன் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. அகில இந்திய அளவில் 'பரிவார்' என்ற பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பு 1995இல் உருவானது.

இவர்கள் என்ன சாதித்தார்கள் என்று பார்க்க இரண்டு சட்டங்களை அருகருகே வைத்தால் போதும். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளுக்குத் தலா ஒன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் பங்கே இல்லை. அவர்களால் வேலை செய்ய முடியும் என்ற எண்ணமே சட்டம் எழுதியவர்களுக்கு இல்லை போலும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கு என்று வைத்தது. இடையில் 1999இல், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களின் நலனுக்கென ஒரு தேசிய அமைப்பை உருவாக்கிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 'எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?' என்று பெற்றோர் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு அந்தச் சட்டம் என்று சொன்னால் மிகையில்லை.

வெளிநாட்டுக் கதையும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 25 வயது. இன்று 60ஐ ஒட்டி நிற்கிறது. இதற்காகப் புது மருந்து எதுவும் வரவில்லை. இந்தக் குழந்தைகளை விடுதிகளில் கொண்டுபோய்த் தள்ளுவதை நிறுத்தினார்கள், 'இதுக்குப் போய் ஆபரேஷனா' என்று மறுத்துவந்த இதய அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் பின்னால் சண்டை போட்ட பெற்றோர் இருந்தார்கள். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம் என்று ஐ.நா. ஏற்று 2012 முதல் கடைப்பிடிக்கிறது. மூன்றாம் மாதம் 21ஆம் தேதி என்பது மூன்று பிரதி 21ஆம் குரோமோசோமைக் குறிப்பது. நீங்கள் கேள்விப்பட்ட விழா அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் ஊர். ஒன்றுமே இல்லை என்கிறீர்கள், அப்படி இல்லை. உங்கள் தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியைக் கிராமங்களுக்கே ஆள் அனுப்பிக் கொடுப்பதில் அவர்கள் பேர் பெற்றவர்கள். சென்னை சங்கத்தை நினைத்து ஏங்குவதற்கு முன் ஆய்க்குடிக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

அரசுப் பக்கம் இரண்டு வாசல் உண்டு. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று இயங்கும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது கண் பரிசோதனை ஒரே இடத்தில். இன்னொன்று வட்டார வள மையம். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் அங்கே இருப்பார்கள். பள்ளி வயது வந்த பிறகு அது உங்களுக்கு மிகவும் தேவைப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்களும் இப்போது ஒவ்வொரு இடமாகத் திறக்கப்பட்டுவருகின்றன. உங்களுக்கு அருகில் எது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இந்த இடங்களில் பயிற்சி ஒரு பாதி. மறு பாதி அந்த பெஞ்சு. காலை பத்து மணிக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்தான் உங்கள் சங்கம். சங்கரன்கோவில் அளவு ஊரில் டவுன் சிண்ட்ரோம் குடும்பங்களை மட்டும் தேடினால் நாலைந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தேட வேண்டாம். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், காது கேளாமை என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கு நிற்கிற வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய ஊர்களில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனிச் சங்கம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மனு கொடுக்கிறார்கள். கலெக்டர் எல்லாவற்றையும் வாங்கி ஒரே மூலையில் வைக்கிறார். சிறிய ஊரில் அந்த வசதி இல்லாதது ஒரு விதத்தில் நல்லது.

நல்ல குழு என்ன செய்யும்? சான்றிதழிலிருந்து தொடங்குவோம். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் ஒரு வயது நிறைந்த பிறகுதான் கொடுப்பார்கள். அதுவும் சிறு வயதில் தற்காலிகம்தான், புதுப்பிக்க வேண்டும், 18இல் கிடைப்பது நிரந்தரம். '21ஆம் குரோமோசோம் எங்கேயாவது போய்விடுமா, எதற்கு மறுபடி மறுபடி?' என்று எரிச்சலோடு கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. நியாயமான கேள்விதான். அவர்கள் அளப்பது குரோமோசோமை அல்ல, பிள்ளையின் திறனை என்பது விதியின் பதில். 40 சதவீதக் குறைபாடு என்பதுதான் எல்லைக்கோடு, அதுவோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகள்.

ஒரு தாய் தனியாகப் போனால் 'இன்று சைக்காலஜிஸ்ட் வரவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டுப் பேர் சேர்ந்து, எந்தக் கிழமை வருவார் என்று எழுத்தில் கேட்டால் அந்தக் கிழமை வருவார். இதற்குப் பெயர்தான் குரல் கொடுப்பது. மைக் தேவையில்லை.

சான்றிதழ் வந்ததும் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு மனு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஏற்கெனவே இருக்கிற நோய் என்று காரணம் காட்டித் தள்ளுவதில்லை என்பது அதன் சிறப்பு, தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள், குழுவில் ஒருவர் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் நல்லது. சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் போகிறவருக்கும் இலவசம், ரயிலில் இருவருக்கும் சலுகை. வீட்டில் யாராவது அரசு ஊழியர் இருந்தால், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க உண்டு, ஆனால் பணிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் விவரமும் முன்னதாகவே ஏறியிருந்தால் பின்னால் அலைச்சல் குறையும். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும். மனு போடும் நாளில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் இன்னும் மூன்று வருடம் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எங்களிடம் ஸ்பெஷல் டீச்சர் இல்லை', 'மற்றப் பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள்' என்று சொல்லிச் சேர்க்க மறுப்பது இன்றும் நடக்கிறது, பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நடக்கும். 2016 சட்டப்படி 6 வயது முதல் 18 வயது வரை இவர்களுக்கு அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. வாயால் மறுத்தால் 'சரி, அதை எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுதித் தர யாரும் முன்வருவதில்லை, இடம் கிடைத்துவிடும். இதைத் தாய் தனியாகக் கேட்கும்போது குரல் நடுங்கும். உடன் குழுவிலிருந்து ஒருவர் போய்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் மாற்றுத்திறன் மாணவரின் பெற்றோருக்கு இடம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். கிராம சபையில் அங்கன்வாடிக்குச் சாய்தளம் கேளுங்கள். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத் திருத்தம் செய்திருக்கிறது, அப்படி வருபவரிடம் நம் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் குழுவின் வேலை.

பிள்ளையைப் பொது இடத்தில் கேலி பேசுவதைப் பற்றியும் அதே 2016 சட்டத்தில் இருக்கிறது. பிறர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இதை வைத்து அண்டை வீட்டாரோடு வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடித்தபசுக்கு அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ரதவீதி முழுக்கச் சுற்றுங்கள். எல்லோரும் பார்க்கட்டும், பேர் கேட்கட்டும். பத்து வயதில் அவன் கடைக்குத் தனியாகப் போகும்போது 'இது இன்னார் மருமகன்' என்று தெரிந்த பத்துக் கண் தெருவில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்தத் திட்டமும் தராது.

சேரக் கூடாத குழுக்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் சேர்ந்த மறுநாளே ஸ்டெம் செல் சிகிச்சை, விசேஷ விட்டமின் கலவை, ஆறு மாதத்தில் குணமாக்கும் லேகியம் என்று வந்து விழுந்தால் வெளியே வந்துவிடுங்கள். கூடுதல் குரோமோசோமை எடுக்க இதுவரை ஒரு வழியும் இல்லை. நகையை அடகு வைத்துச் செய்த சிகிச்சைகளின் கதை என்னிடம் நிறைய இருக்கிறது, அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்கலாமே என்பதுதான் வருத்தம். இன்னொரு வகை, பிள்ளைகளைத் 'தெய்வக் குழந்தை' என்று மேடையில் நிறுத்திச் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வகை. கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் தெய்வத்துக்கு யாரும் பள்ளியில் இடம் தருவதில்லை, வேலையும் தருவதில்லை.

இதை ஒட்டியே இன்னொன்று. பெற்றோர் பேசிப் பேசியே பழகிவிட்டதால், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களே பேசலாம் என்பது நம் கூட்டங்களில் பலருக்கு இன்னும் தோன்றுவதில்லை. 2023ஆம் ஆண்டு உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தின் கருப்பொருளே 'எங்களுக்காக அல்ல, எங்களோடு' என்பதுதான். அதே ஆண்டு ஸ்பெயினில் மார் கால்செரான் என்ற பெண் வாலென்சியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். அவருக்கு டவுன் சிண்ட்ரோம். பல ஆண்டு கட்சி வேலை செய்து வந்தவர், யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆக மாட்டார்கள், ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குழுக் கூட்டத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தால், கூட்டம் எத்தனை மணிக்கு, காபியா டீயா என்பதையாவது அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவன் பதில் சொல்ல ஒரு நிமிடம் எடுப்பான். அந்த ஒரு நிமிடம் பொறுக்க முடியாமல் அம்மா குறுக்கே வந்து பதில் சொல்லிவிடுவார். எல்லா ஊரிலும் இப்படித்தான். இரண்டு வயதிலிருந்தே எந்தச் சட்டை என்று கேட்டுப் பழக்கினால், இருபதில் எந்த வேலை என்று கேட்கும்போது பதில் வரும்.

இப்போது, பெற்றோரின் காலத்துக்குப் பிறகு என்று முன்பு தள்ளி வைத்த விஷயம். 18 வயதானதும் பள்ளி முடிந்துவிடும், தெரபி நின்றுவிடும், பயிற்சி மையங்கள் 'எங்களிடம் வயது வரம்பு' என்றுவிடும். பிள்ளை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தே உடம்பு பெருக்கத் தொடங்குவான். இன்றைய நிலையில் இவர்கள் அறுபது வயது வரை வாழ்வார்கள் என்றால், நம் ஏற்பாடுகள் எல்லாம் முதல் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. நாற்பதைத் தாண்டியதும் மறதி நோய் மற்றவர்களைவிட முன்கூட்டியே வரும் வாய்ப்பு அதிகம், அப்போது பெற்றோருக்கு எழுபது எண்பது வயது ஆகியிருக்கும்.

வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஹூப்ளியில் தொடங்கிய மிட்டி கஃபே, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் உணவகங்கள். 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்று திறந்தார்கள். நம் ஊரில் அவ்வளவு வேண்டாம். விசைத்தறி ஊர் உங்களுடையது. துண்டு மடித்து அடுக்குவது, எண்ணிக் கட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிற வேலை, இவர்களில் பலர் அதை நம்மைவிடப் பொறுமையாகச் செய்வார்கள். ஆனால் முன்பின் தெரியாத முதலாளி வேலை தர மாட்டார். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவர் தருவார்.

சட்டப் பாதுகாவலர் விஷயமும் அப்போதுதான் வரும். 18 முடிந்தால் சட்டப்படி அவர் மேஜர். அப்பா அம்மாவே ஆனாலும் அவர் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். அந்தக் குழுவில் மூன்று பேர்: ஆட்சியர், ஒரு மாற்றுத்திறனாளி, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி. மூன்றாவது நாற்காலியைக் கவனியுங்கள், அது சட்டமே சங்கத்துக்குக் கொடுத்த இடம். மாவட்டத்தில் அப்படியொரு அமைப்பு சுறுசுறுப்பாக இல்லாவிட்டால் மனுக்கள் மாதக்கணக்கில் தூங்கும். இந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது.

பாதுகாவலர் என்றதும் எல்லா முடிவையும் அவரே எடுப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் போக்கு வேறு. அவரே முடிவெடுக்கட்டும், எடுக்க உதவுங்கள் என்பது அது. 2016 சட்டமும் முழுப் பாதுகாவலரைவிட, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரையே முதலில் பேசுகிறது. என் கருத்தைக் கேட்டால், வங்கிக்கும் சொத்துக்கும் அறுவைக்கும் கையெழுத்து வேண்டியிருக்கிறது என்பதால் பாதுகாவலர் மனு போடுங்கள், அதற்காக அவன் என்ன சாப்பிடுவது, யாரோடு பேசுவது என்பதையெல்லாம் அந்தக் காகிதத்தோடு சேர்த்து எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். பெற்றோருக்குப் பிறகு யார் என்பதில் அண்ணன் தம்பி அக்கா தங்கை மேல் மட்டும் பாரத்தைப் போடுவதும் சரியில்லை. தாய்மாமன், சித்தப்பா, குழுவில் இன்னொரு குடும்பம் என்று இரண்டு மூன்று பேராவது அவனுடைய மருந்து, பழக்கம், பயம், பிடித்த பாட்டு எல்லாம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அப்படித் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆகும். இப்போதே தொடங்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். எக்கோவும் தைராய்டும் முடியட்டும். அக்கா வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகத் தொடங்கட்டும். அங்கே பழக்கமான மூன்று குடும்பத்தை மாதம் ஒரு ஞாயிறு யாராவது வீட்டு மாடிக்கு அழையுங்கள். பிள்ளைகளும் வரட்டும், அவர்களுடைய அண்ணன் தங்கைகளும் வரட்டும். தலைவர், செயலாளர், லெட்டர்பேடு எதுவும் இப்போது வேண்டாம். அந்தப் பதவிச் சண்டையிலேயே கலைந்த குழுக்கள் அதிகம். ஒரு நோட்டில் யாருக்கு எந்தச் சான்றிதழ் எப்போது முடிகிறது, எந்த அலுவலகத்தில் என்ன கேட்டார்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள். ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். அதன் பிறகு தேசிய அறக்கட்டளையிலும் பதிவு செய்துகொண்டால், அந்த மூன்றாவது நாற்காலிக்கு உங்கள் குழுவிலிருந்தே ஒருவரை அனுப்பலாம்.